திருப்பணி கண்மாயிலிருந்து தொடங்கட்டும்

ஆவுடையார்கோயில் என்று இன்று வழங்கும் திருப்பெருந்துறையில், ஆத்மநாத சுவாமியின் கருவறைக்குள் லிங்கத் திருமேனி இல்லை. ஆவுடையார் பீடம் மட்டுமே இருக்கிறது. சந்நிதிக்கு எதிரில் நந்தியும் இல்லை, கொடிமரமும் இல்லை. உருவங்களையெல்லாம் ஒதுக்கிவிட்டு அருவமாகவே பரம்பொருளைத் தியானிக்கச் சொல்லும் அந்த ஸ்தலத்தில், புழுங்கலரிசிச் சோற்றைப் பொங்கி வடித்துச் சுடச்சுடக் கொண்டுவந்து படைகல்லின்மேல் பரப்பி, கீரையும் பாகற்காயும் உடன்வைத்து, அந்த அன்னத்திலிருந்து எழும் ஆவியையே சுவாமிக்கு நிவேதனமாக்கும் சம்பிரதாயம் இன்றளவும் நடந்துவருகிறது. ஆலயங்களில் பெரும்பாலும் பச்சரிசி அன்னமே நிவேதனத்துக்கு உரியதாக இருக்க, வயலில் இறங்கி வேலை செய்கிறவனின் வீட்டில் அன்றாடம் உலையேறுகிற புழுங்கலரிசியும், அவன் கொல்லையில் படர்கிற பாகலும், வரப்போரத்தில் கிள்ளுகிற கீரையும் இங்கே மூலஸ்தானத்துக்கு முன்னால் வைக்கப்படும் பெருமையைப் பெற்றிருக்கின்றன. மிக உயர்ந்த தத்துவமும் மிக எளிய உணவும் ஒரே கல்லின்மேல் கூடும் இந்த வழிபாட்டைப் புதுக்கோட்டைச் சீமையில் பிறந்தவர்கள் பழக்கத்தின் காரணமாகச் சாதாரணமாக எண்ணிவிடக் கூடாது. நம் முன்னோர் ஞானத்தை எங்கே தேடினார்கள் என்பதற்கு அது பிரத்தியட்சமான சாட்சியம்.

அந்த ஸ்தலத்தோடு பிரிக்க முடியாதபடி இணைந்த மாணிக்கவாசகரின் சரித்திரமும் இதையே வேறொரு வகையில் சொல்கிறது. பாண்டியனுக்கு அமைச்சராக இருந்து, குதிரை வாங்குவதற்காகப் பொருளோடு புறப்பட்டு வந்த அவர், குருந்த மரத்தடியில் குருநாதரைக் கண்டு, கொண்டுவந்த பொருள் அனைத்தையும் திருப்பணிக்குச் செலவிட்டதும், அதனால் அரசனுடைய தண்டனைக்கு ஆளானதும், நரிகள் பரிகளான அற்புதமும், பின்பு வையையில் வெள்ளம் பெருகிக் கரை உடைந்ததும் தமிழ்நாட்டில் அறியாதார் இல்லாத கதை. ஆனால் அந்தக் கதையின் சிகரம் எது என்பதை நாம் போதிய அளவு சிந்திப்பதில்லை. உடைந்த கரையை அடைக்க வீட்டுக்கு ஓர் ஆள் வரவேண்டும் என்று அரசாணை பிறந்தபோது, அனுப்ப ஆளில்லாமல் தவித்த வந்தி என்ற கிழவிக்காக, அவள் அவித்த பிட்டையே கூலியாகப் பெற்றுக்கொண்டு, கூடையும் மண்வெட்டியுமாகக் கரைக்கு வந்தவன் இறைவனே என்று புராணம் கூறுகிறது. அவன் முதுகில் விழுந்த பிரம்படி அரசன் முதல் சகல ஜீவராசிகளின் முதுகிலும் பட்டது என்பதற்கு, ஓர் உழைப்பாளிக்கு இழைக்கப்படும் அநீதி உலகம் முழுவதற்கும் இழைக்கப்படுவதே என்று பொருள் கொள்வதில் தவறில்லை. பூமிக்கு இறங்கி வந்த கடவுள் ஏற்றுக்கொண்ட வேலை கரைக்கு மண் போடும் வேலையாக இருக்குமானால், அதைவிடப் புனிதமான வேறொரு கைங்கரியத்தைத் தேடி நாம் எங்கே போவது?

சமயம் என்பது கோயில் மதிலுக்கு உள்ளே நடப்பது, விவசாயம் என்பது அதற்கு வெளியே நடப்பது, வாழ்க்கையின் துன்பங்களோ இரண்டிலும் சேராமல் ஒவ்வொரு மனிதனும் தனியாகவே சுமக்க வேண்டியவை என்று மூன்றையும் பிரித்துப் பார்க்கும் மனப்பான்மை நம் காலத்தில் வளர்ந்து வருகிறது. இந்தப் பிரிவினை நம் மரபுக்கு உரியதன்று என்பதும், இப்படிப் பிரித்ததனாலேயே பக்தி வெறும் ஆடம்பரமாகவும் உழைப்பு வெறும் கூலிக் கணக்காகவும் மெலிந்துவிட்டன என்பதும், அவற்றை மறுபடி ஒன்றுசேர்ப்பதற்கு ஏற்ற இடம் நம் ஊர்க் கண்மாயே என்பதும் நான் இங்கே வற்புறுத்த விரும்பும் கருத்து.

இந்தக் கருத்துக்கு இம்மாவட்டத்தின் நிலவியலே முதல் ஆதாரம். 1948 மார்ச் 3-ஆம் நாள் இந்திய யூனியனோடு சேரும் வரையில் தொண்டைமான்களின் சமஸ்தானமாக இருந்த பகுதியை நடுவாகக் கொண்டு, திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர் மாவட்டங்களிலிருந்து பிரித்த பகுதிகளால் 1974 ஜனவரி 14-ஆம் நாள் புதுக்கோட்டை மாவட்டம் அமைந்தது. காவிரி இதன் வழியாக ஓடவில்லை. மேட்டூர் அணை கட்டப்பட்ட 1930-களில் வெட்டப்பட்ட கல்லணைக் கால்வாய் அறந்தாங்கி, நாகுடிப் பக்கத்துக் கடைமடை ஊர்களை எட்டுகிறது; வெள்ளாறும் அக்கினியாறும் பாம்பாறும் மழை பெய்தால் ஓடி, மழை ஓய்ந்தால் மணலாகிவிடும் ஆறுகள். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வானம் கொடுப்பதைக் கையேந்தி வாங்கி, தேக்கி வைத்து, அடுத்த மழை வரைக்கும் மனிதரும் மாடும் பயிரும் பிழைத்திருக்க வேண்டும் என்ற நிர்ப்பந்தம் இந்தச் செம்மண் பிரதேசத்தின் பிறவிக் குணம். அந்த நிர்ப்பந்தத்திலிருந்து பிறந்தவையே இங்குள்ள 5,000-க்கும் மேற்பட்ட கண்மாய்களும் குளங்களும் ஏந்தல்களும்.

ஒரு கண்மாயின் அமைப்பை நின்று கவனிப்பவனுக்கு அது கற்பிக்கும் தர்மம் எளிதில் விளங்கும். மேட்டு நிலத்தில் விழுந்த மழையை வரத்து வாரி திரட்டிக் கொண்டுவருகிறது. கரை அதை நிறுத்துகிறது. மடை அளவறிந்து திறந்து வயலுக்கு விடுகிறது. கொள்ளளவுக்கு மேல் வந்த நீர் கலுங்கு வழியாக வழிந்து, அடுத்த ஊர்க் கண்மாயின் வரத்தாக மாறுகிறது. மேலூர்க்காரனுக்கு மிச்சமானது கீழூர்க்காரனுக்கு முதல். மேலூர்க்காரன் பேராசையினால் கலுங்கை உயர்த்திக் கட்டினால் கீழே உள்ளவன் பட்டினி கிடப்பான் என்பதோடு, பெருமழைக் காலத்தில் மேலூர்க்காரனுடைய கரையே உடைந்து அவன் ஊரே முதலில் அழியும். தனக்குரியதைக் காப்பதும், தனக்கு மிஞ்சியதை விடுவதும் வெவ்வேறு குணங்கள் அல்ல என்பதை இந்த அமைப்பு தலைமுறை தலைமுறையாக உழவர்களுக்குப் போதித்து வந்திருக்கிறது. தண்ணீர் குறைந்த காலத்தில் எந்த வயலுக்கு எப்போது எவ்வளவு என்று முறை வைத்துப் பாய்ச்சுகிற நீர்ப்பாய்ச்சி, தனக்கு அந்த ஆயக்கட்டில் ஒரு குழி நிலமும் இல்லாதவராகவே பல ஊர்களில் இருந்தார். அறுவடையின்போது ஒவ்வொரு வயலிலிருந்தும் கதிர்க்கட்டுகளைப் பெற்று ஜீவனம் நடத்திய அந்த மனிதரிடம், சொந்தப் பற்று இல்லாததனாலேயே நடுநிலைமை நிலைத்து நின்றது. பற்றற்றவனே நியாயமாகப் பங்கிட வல்லவன் என்று சாஸ்திரங்கள் விஸ்தாரமாகச் சொல்லுவதை, மண்வெட்டியைத் தோளில் சாய்த்துக்கொண்டு மடைக்கும் வயலுக்கும் இரவு பகலாக நடந்த ஒருவர் தம் அன்றாடத் தொழிலாகவே அனுஷ்டித்தார்.

கோயில் கட்டியவனுக்கு நிகரான புண்ணியம் மடை அமைத்தவனுக்கும் உண்டு என்று அக்காலத்தவர் நம்பினார்கள். இம்மாவட்டத்துக் கண்மாய்களின் உட்புறத்தில் இன்றும் நிற்கிற குமிழித் தூண்கள் சிலவற்றில், அவற்றைச் செய்து கொடுத்தவர்களின் பெயர்கள், கோயில் சுவரில் பொறிப்பதைப் போலவே சிரத்தையோடு பொறிக்கப்பட்டிருக்கின்றன. கண்மாய் நிறைந்திருக்கும்போது அந்த எழுத்துகள் தண்ணீருக்குள் மூழ்கிவிடும். வறட்சி வந்தால்தான் கண்ணுக்குத் தெரியும். புகழ் வெளியே தெரியாமல் இருப்பதே ஊருக்கு நன்மை என்னும்படியான இடத்தில் பெயரைப் பொறித்த அந்தப் பெரியோர்களின் மனநிலை, ஒரு மின்விளக்கு உபயம் செய்துவிட்டு அதன் கண்ணாடி முழுவதும் தம் பெயரை எழுதிக்கொள்கிற நமக்கு ஒரு பெரிய உபதேசம்.

உலகத்தையே துறந்தவர்களுங்கூட இந்த மண்ணில் நீர்நிலையைத் துறக்கவில்லை. சித்தன்னவாசல் குன்றின் ஏழடிப்பாட்டத்தில் வழவழப்பாகச் செதுக்கிய கற்படுக்கைகளில், கிறிஸ்துவுக்கு முந்தைய நூற்றாண்டுகளிலிருந்தே சமண முனிவர்கள் தங்கித் தவம் புரிந்தார்கள் என்பதைத் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு காட்டுகிறது. உணவையும் உடையையும் உறவையும் விட்டு, உயிரையும் நோன்பிருந்து நீக்கத் துணிந்த அந்த மார்க்கத்தார், அதே குன்றின் குடைவரைக் கோயிலின் விதானத்தில் எதை வரைவித்தார்கள்? தாமரை மலர்ந்த ஒரு தடாகத்தை. அதில் மீன்கள் துள்ளுகின்றன, அன்னங்கள் நீந்துகின்றன, யானைகளும் எருமைகளும் இறங்கியிருக்கின்றன, பக்தர்கள் மலர் பறிக்கிறார்கள். தீர்த்தங்கரரின் உபதேசத்தைக் கேட்கச் செல்லும் புண்ணியாத்மாக்கள் கடக்க வேண்டிய தடாகம் அது என்று அறிஞர்கள் விளக்குகிறார்கள். மோக்ஷத்துக்குச் செல்லும் பாதையிலும் நிறைந்த ஒரு குளம் இருக்க வேண்டும் என்றும், அதில் எருமைக்கும் இடம் இருக்க வேண்டும் என்றும் எண்ணியது வறண்ட நாட்டு மனிதர்களின் ஞானம். அந்த ஞானம் சமணத்துக்கும் சைவத்துக்கும் பொதுவானது. திருமயத்துக்கு அருகே காட்டுபாவா பள்ளிவாசலுக்கு நேர்ந்துகொண்டு போகிறவர்களுக்கும், ஆவூர் மாதா கோயிலுக்கு நடந்து போகிறவர்களுக்கும்கூட அது பொதுவே. மழையும் கண்மாயும் எந்த மதத்துக்கும் தனியுடைமை ஆகவில்லை.

நீர் எப்படிப் பொதுவோ அப்படியே நீரினால் விளைந்த நெல்லும் ஓரளவுக்குப் பொதுவே என்று நிலைநாட்டியவர் கொடும்பாளூர் மன்னர் இடங்கழி நாயனார். அறுபத்துமூவருள் ஒருவராகச் சுந்தரரால் போற்றப்பெற்று, பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழாரால் விரித்துரைக்கப்பட்ட அவருடைய சரித்திரம் மிகச் சிறியது. சிவனடியார்களுக்கு அமுதளிப்பதையே விரதமாகக் கொண்ட ஒருவர், கையில் இருந்ததெல்லாம் தீர்ந்துபோன நிலையில், அரசருடைய நெற்பண்டாரத்தில் இரவில் புகுந்து நெல்லை எடுத்தபோது காவலரிடம் அகப்பட்டார். விசாரணை செய்த அரசர், எடுத்தது எதற்காக என்பதை அறிந்த மாத்திரத்தில், அவரை விடுவித்ததோடு நில்லாமல், தம் பண்டாரத்தை அடியார்களுக்காகத் திறந்துவிட்டார். களவு களவே என்று சொல்லித் தண்டித்திருந்தால் அவர் நீதி தவறாத அரசராக மட்டுமே இருந்திருப்பார். பசித்தவர்களுக்குச் சோறு போட ஒருவன் திருட வேண்டிய நிலைமை தம் நாட்டில் ஏற்பட்டதற்குப் பூட்டிய பண்டாரமே காரணம் என்று உணர்ந்ததனால் அவர் நாயனார் ஆனார். கொடும்பாளூரில் மூவர் கோயிலைக் காணச் செல்கிறவர்கள், எஞ்சி நிற்கும் இரண்டு விமானங்களின் சிற்ப அழகை வியந்துவிட்டுத் திரும்புவதோடு, அந்த ஊரில் ஒரு நெற்பண்டாரம் திறக்கப்பட்டதையும் நினைத்துப் பார்த்தால் யாத்திரையின் பயன் முழுமையாகும்.

பிற்காலத்துத் தொண்டைமான் மன்னர்களுக்கும் இத்தகைய உபதேசம் கிடைத்தது. திருவரங்குளத்துக் காட்டில் மௌனியாகத் திரிந்த சதாசிவ பிரம்மேந்திரரை விஜய ரகுநாத தொண்டைமான் தரிசித்து உபதேசம் வேண்டினார் என்றும், வாய் திறவாத அந்த மகான் மணலில் எழுதிக் காட்டினார் என்றும், அந்த மணலையே அரசர் அள்ளிக்கொண்டு போய் அரண்மனையில் வைத்துப் பூஜித்தார் என்றும் சமஸ்தானத்து வரலாறு கூறுகிறது. 1738-ஆம் ஆண்டைச் சேர்ந்ததாக அச்சம்பவம் சொல்லப்படுகிறது. தங்களைப் பிருகதாம்பாள் தாசர்கள் என்றே அழைத்துக்கொண்ட அவ்வம்சத்தார், நவராத்திரிக் காலத்தில் அரிசியோடு அம்மன் காசும் சேர்த்து ஜனங்களுக்கு வழங்கிவந்தார்கள். அவர்களுடைய அரசாட்சியில் குறைகளே இருக்கவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. நாடும் நெல்லும் தெய்வத்துக்கு உரியவை, ஆளுகிறவன் அவற்றுக்குக் காவலன் மாத்திரமே என்ற எண்ணம் ஒரு காலத்தில் சிம்மாசனத்தையும் கட்டுப்படுத்தியது என்பதே கவனிக்கத் தக்கது.

சமய மரபைப் பற்றி இவ்வளவு சொன்ன பிறகு, வாழ்க்கையின் துன்பங்களைப் பற்றியும் நேர்மையாகப் பேச வேண்டும். வறுமையும் வறட்சியும் மனிதனை ஞானியாக்கும் என்று, நிழலில் உட்கார்ந்துகொண்டு எழுதுவது சுலபம்; அது உண்மையும் அன்று. நாற்றுக்கட்டோடு தொளியில் இறங்கி நாள் முழுவதும் குனிந்து நடவு செய்கிற பெண்ணுக்கு மாலையில் மிஞ்சுவது இடுப்பு வலியே. வட்டிக்கு வாங்கிப் பயிர் செய்தவனுக்கு மழை பொய்த்தால் மிஞ்சுவது கடனே. ஆதலால்தான் இம்மாவட்டத்து இளைஞர்கள் சிங்கப்பூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் திருப்பூருக்கும் போகிறார்கள். அவர்களைக் குறைசொல்ல எவருக்கும் உரிமை இல்லை. துன்பம் தானாக எதையும் கற்பிப்பதில்லை. பலர் சேர்ந்து அதைத் தாங்கி, சேர்ந்து யோசித்து, சேர்ந்து ஒரு வழியைக் காணும்போதுதான் அந்தத் துன்பத்திலிருந்து அறிவு பிறக்கிறது.

இதற்கு நம் கண்முன் நிகழ்ந்த உதாரணங்கள் உண்டு. 1991-ஆம் ஆண்டில், ஷீலா ராணி சுங்கத் மாவட்ட ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி இயக்கம் இங்கே ஒரு மகத்தான விழிப்பை உண்டாக்கியது. கல்குவாரிகளில் கூலிக்குக் கல்லுடைத்துக்கொண்டிருந்த பெண்கள் எழுத்தும் கணக்கும் கற்றார்கள். கற்றதோடு நில்லாமல், குழுக்களாகச் சேர்ந்து குவாரிகளையே குத்தகைக்கு எடுத்து நடத்தினார்கள். ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் ஓட்டப் பழகி, தண்ணீர்க் குடத்தையும் குழந்தையையும் ஏற்றிக்கொண்டு, எவர் துணையும் இல்லாமல் தம் காரியத்துக்குத் தாமே போய்வந்தார்கள். பின்னர் 2018 நவம்பர் 16-ஆம் நாள் அடித்த கஜா புயல், ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு, கறம்பக்குடிப் பக்கங்களில் தலைமுறைகளாக வளர்த்த தென்னையையும் பலாவையும் ஒரே இரவில் சாய்த்துவிட்டது. தென்னை விழுந்த வீட்டில் மறு தென்னை காய்க்கப் பல ஆண்டுகள் ஆகும். பலாவுக்கு அதைவிட அதிகமாகும். எல்லாம் போயிற்று என்று தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்க வேண்டிய அந்தச் சமயத்தில், கொத்தமங்கலம், கீரமங்கலம் முதலிய ஊர்களின் இளைஞர்கள், வெளிநாட்டில் இருந்தவர்களும் பணம் அனுப்ப, தாமே நிதி திரட்டி, தூர்ந்து கிடந்த குளங்களையும் வரத்து வாரிகளையும் வெட்டினார்கள். மொய் விருந்து வைத்து, ஒருவருடைய முறை வரும்போது ஊரே கூடி உண்டு பணம் எழுதி, அவரைக் கைதூக்கிவிட்டுப் பழகிய ஊர்கள் அவை. ஒருவர் தனியாக நிமிர முடியாதபோது எல்லோருமாக நிமிர்த்துவது என்ற பயிற்சி ஏற்கெனவே அவர்களுக்கு இருந்தது. புயல் மரங்களைச் சாய்த்ததே ஒழிய அந்தப் பயிற்சியைச் சாய்க்கவில்லை.

எனினும், நம் மரபைப் பற்றிப் பெருமை பேசுகிறவர்கள் அதன் களங்கத்தையும் பேசக் கடமைப்பட்டவர்கள். கண்மாயை வெட்டியவர்களுக்கும், கரையைக் காத்தவர்களுக்கும், மடையைத் திறந்தவர்களுக்கும், அந்தக் கண்மாய்க் கரையில் இருந்த கோயிலுக்குள் நுழைய அனுமதி இல்லாமல் இருந்தது. அது பழங்கதையாகிவிட்டது என்று நாம் எண்ணிக்கொண்டிருந்தபோது, 2022 டிசம்பரில் வேங்கைவயலில், ஆதிதிராவிட மக்கள் குடிக்கும் நீர்த்தேக்கத் தொட்டியில் மனித மலம் கலக்கப்பட்ட செய்தி நாட்டையே திடுக்கிடச் செய்தது. அங்கே சென்ற மாவட்ட அதிகாரிகள், அருகில் இறையூரில் உள்ள அய்யனார் கோயிலுக்குள் அம்மக்களைத் தாமே அழைத்துச் சென்று வழிபடச் செய்ய வேண்டியிருந்தது. குற்றம் செய்தவர் யார் என்று தீர்ப்பது நீதிமன்றத்தின் பொறுப்பு. ஆனால், தண்ணீரைத் தெய்வமாக வணங்கிய சீமையில் தண்ணீருக்கே இந்தக் கதி நேர்ந்ததும், கூலியாளாக மண் சுமந்த கடவுளை வணங்குகிறவர்கள் மண் சுமக்கிறவரைக் கோயில் வாசலில் நிறுத்தி வைத்ததும் நம் எல்லோருடைய அவமானம். இந்த அவமானத்தை நீக்காமல் மரபின் ஞானத்தைப் பற்றி எவ்வளவு உபந்நியாசம் செய்தாலும் அது வீணே.

இப்போது நம் கண்மாய்களின் நிலைமையைப் பாருங்கள். நீர்பிடிப்பில் சீமைக்கருவேலம் அடர்ந்திருக்கிறது. வரத்து வாரி எங்கே போகிறது என்று ஊரில் வயது முதிர்ந்த சிலரைத் தவிர வேறு எவருக்கும் தெரிவதில்லை. தெரிந்த இடத்திலும் அது வீட்டுமனையாகவோ வேலியடைத்த தோட்டமாகவோ மாறியிருக்கிறது. மேட்டு நிலங்களில் ஆயிரக்கணக்கான ஏக்கரில் வளர்க்கப்படும் தைலமரக் காடுகளும், அவற்றுக்குள் மழைநீரைத் தடுத்து வெட்டிய வரப்புகளும் கண்மாய்களுக்கு வர வேண்டிய நீரை மறித்துவிடுகின்றன என்பது உழவர்களின் நெடுநாளைய முறையீடு. ஆலங்குடிப் பக்கத்தில் ஆழ்துளைக் கிணறுகள் ஆண்டுக்கு ஆண்டு மேலும் ஆழமாகப் போய்க்கொண்டிருக்கின்றன. 2020-ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலச் சட்டத்தில் அறந்தாங்கி, ஆவுடையார்கோயில், மணமேல்குடி, திருவரங்குளம், கறம்பக்குடி ஆகிய ஐந்து வட்டாரங்களும் சேர்க்கப்பட்டன. நெடுவாசல் மக்கள் 2017-இல் தம் நிலத்துக்காக நடத்திய போராட்டத்தை அறிந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஆனால் நிலத்துக்குச் சட்டக் காவல் கிடைத்தும் நிலத்துக்கு நீர் இல்லையானால் அந்தக் காவலால் என்ன பயன்?

இதே காலத்தில் கோயில் திருப்பணிகளுக்கு மாத்திரம் குறைவில்லை. ஊருக்கு ஊர் ராஜகோபுரம் எழும்புகிறது. விமானங்களுக்கு வர்ணம் பூசப்படுகிறது. யாகசாலை, வாணவேடிக்கை, அன்னதானம் எல்லாம் சிறப்பாக நடக்கின்றன. குளமங்கலத்துப் பெருங்காரையடி மீண்ட அய்யனாருக்கு முன்னால் வானளாவி நிற்கும் குதிரைக்கு மாசி மகத்தன்று மலைமலையாகக் காகிதப்பூ மாலைகளைச் சாத்துகிற ஜனங்களின் பக்தியைக் காண்கிறவர் எவரும், நம் மக்களிடம் சிரத்தை குறைந்துவிட்டது என்று சொல்லமாட்டார். சிரத்தை இருக்கிறது, பணமும் இருக்கிறது, ஒற்றுமையும் திருவிழாக் காலத்திலாவது இருக்கிறது. அய்யனார் எதற்குக் காவல் தெய்வமாக அமர்ந்தாரோ அந்தக் கண்மாயை நோக்கி இம்மூன்றையும் திருப்பிவிட வேண்டியதே பாக்கி. புரவி எடுப்பதற்கு முன்னால் பிடிமண் கொடுக்கும் சடங்கில் இதற்கு வழி ஏற்கெனவே இருக்கிறது. ஊர் மண்ணில் ஒரு பிடி எடுத்து வேளாரிடம் கொடுத்து, மண் குதிரைகளைச் செய்வித்து, அவற்றை ஊர்வலமாகத் தூக்கிக்கொண்டு போய் அய்யனாருக்கு அர்ப்பணிக்கும்போது, மண்ணும் கைத்தொழிலும் தெய்வமும் ஒரே காரியத்தில் கலந்துவிடுகின்றன. அந்த ஒரு பிடியோடு நிறுத்தாமல் ஆயிரம் கூடையாக வளர்த்தால் அதுவே குடிமராமத்து.

ஆகவே என் பிரார்த்தனை இதுதான். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை கும்பாபிஷேகம் செய்வது நம் வழக்கம். இனி எந்த ஊரில் கோயில் திருப்பணி தொடங்கினாலும், பாலாலயம் செய்கிற அன்றே அவ்வூர்க் கண்மாயின் திருப்பணியும் தொடங்கட்டும். வரி வசூலிலும் நன்கொடையிலும் ஒரு பங்கைக் கண்மாய்க்கென்று முதலிலேயே ஒதுக்கட்டும். கிராமக் கணக்கையும் புலப்படத்தையும் வைத்துக்கொண்டு, ஊர்ப் பெரியவர்கள் பள்ளிப் பிள்ளைகளை உடன் அழைத்துச் சென்று வரத்து வாரியை அடி அடியாக நடந்து காட்டட்டும்; ஆக்கிரமித்தவர் திருப்பணிக் குழுவின் தலைவராகவே இருந்தாலும் தாமே முன்வந்து விட்டுக்கொடுக்கட்டும். வயலுக்கும் மண்பாண்டத் தொழிலுக்கும் வண்டல் எடுத்துக்கொள்ள இப்போது வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி பெற முடிகிறது. அந்த வசதியைத் தனிப்பட்டோர் வியாபாரமாக்கிவிடாமல் ஊர்ச் சபை கண்காணிக்கட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த மண்ணைச் சுமக்க எல்லாத் தெருவாரும் வரட்டும். மண் சுமந்தவர் எல்லோருக்கும் கோயிலில் ஒரே வரிசையில் ஒரே பிரசாதம் வழங்கப்படட்டும். இதற்கு மாறாக நடக்கிற திருப்பணி, கல்லுக்கும் சுண்ணாம்புக்கும் ஆன செலவாக நிற்குமே தவிரத் தெய்வ காரியம் ஆகாது.

இவையெல்லாம் அரசாங்கம் செய்ய வேண்டியவை அல்லவா என்று சிலர் கேட்கக்கூடும். அரசாங்கமும் செய்யட்டும், அதன் கடமையிலிருந்து அதை நாம் விடுவிக்க வேண்டியதில்லை. வாரியில் உள்ள ஆக்கிரமிப்பை அகற்றவும், தைலமரத்துக்குப் பதிலாக இந்த மண்ணுக்கு ஏற்ற மரங்களை வைக்கவும் சட்டத்தின் பலம் வேண்டும். ஆனால் யந்திரம் ஒரு வாரத்தில் வெட்டிவிட்டுப் போகிற கண்மாயை, அடுத்த ஐம்பது ஆண்டுகளுக்குக் காப்பாற்ற வேண்டியது ஊர் மக்களின் பற்றுதலே. அந்தப் பற்றுதலை உத்தரவினால் உண்டாக்க முடியாது. மண் சுமந்த கைக்கே அது வரும். தன் தலையில் கூடை ஏந்தி ஒரு நாளாவது கரைக்கு மண் போட்ட பையன், பெரியவனான பிறகு அதே கண்மாயில் வீட்டுமனை போட மனம் துணியமாட்டான். வம்பனில் உள்ள தேசியப் பயறு ஆராய்ச்சி மையமும் குடுமியான்மலையில் உள்ள வேளாண்மைக் கல்லூரியும் நல்ல விதையையும் நல்ல முறையையும் தரக் காத்திருக்கின்றன. உழவனுடைய அநுபவமும் அந்தச் சாஸ்திர அறிவும் சேர்ந்தால், இருக்கிற தண்ணீரைக்கொண்டு நெல்லுக்குப் பின் உளுந்தும் பயறும் எடுத்து, வெளியூர் போக வேண்டிய நிர்ப்பந்தத்தைச் சில குடும்பங்களுக்காவது குறைக்கலாம்.

ஞானத்தைத் தேடி நெடுந்தூரம் போகிறவர்களை நான் தடுக்கவில்லை; காசியும் கைலாயமும் என்றென்றும் வணக்கத்துக்குரியவை. ஆனால் பசித்தவனுக்காகப் பண்டாரத்தைத் திறந்த ஓர் அரசரும், பங்கிட்டுக் கொடுப்பதையே தொழிலாகக் கொண்ட நீர்ப்பாய்ச்சியும், புயலில் எல்லாம் இழந்த பிறகு முதலில் குளத்தை வெட்டிய இளைஞர்களும் பிறந்த ஊர்களில் வாழ்கிற நாம், அவர்கள் காட்டிய வழியில் நடப்பதற்குப் புதிதாக எந்தத் தீக்ஷையும் பெற வேண்டியதில்லை. அடுத்த கும்பாபிஷேகப் பத்திரிகையை அச்சிடும்போது, உபயதாரர்களின் பெயர்களுக்கு மேலே, எத்தனை முழம் வரத்து வாரி வெட்டப்பட்டது, கண்மாயில் எத்தனை அடி தூர் எடுக்கப்பட்டது, அந்த வேலையில் எந்தெந்தத் தெருக்காரர்கள் சேர்ந்து நின்றார்கள் என்பவற்றையும் அச்சிடுங்கள். அப்படி அச்சிட முடியாத ஊர், கலசத்தை ஏற்றுவதற்கு முன்னால் இன்னும் ஓர் ஆண்டு பொறுத்திருந்து, அந்த வேலையை முடித்துவிட்டு ஏற்றட்டும்.